ஊதிய அட்டவணை: 14.06.2026 ஞாயிறு கூட்டம்

தோழர்களுக்கு வணக்கம்.

வங்கி நிர்வாகங்களுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையிலான 12ஆவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் 31.10.2027 அன்று முடிவடைவதால், அடுத்த கோரிக்கைகளை எழுதத் தொடங்கும் முன் ஊதிய அட்டவணை அமைக்கப்படும் முறையைப் புரிந்துகொள்ள, ஞாயிறு காலை 10.30 மணிக்கு நம் சங்க அலுவலகத்தில் கூடுகிறோம்.

08.03.2024 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் 17 சதவீத உயர்வு, வங்கிகளின் மொத்த ஊதியச் செலவின் மீது பேசி முடிக்கப்பட்டதே தவிர, ஒவ்வொருவர் சம்பளத்துக்கும் தனித்தனியே தரப்பட்டதன்று. நுகர்வோர் விலைக் குறியீட்டின் 8088 புள்ளிகள் வரையிலான அகவிலைப்படியைப் பழைய அடிப்படைச் சம்பளத்தோடு இணைத்து, அதன் மேல் ஒரு கூடுதல் விகிதத்தைச் சேர்த்தே புதிய படிநிலைகள் உருவாயின. எழுத்தரின் தொடக்கச் சம்பளம் 17,900 ரூபாயிலிருந்து 24,050 ரூபாய் ஆனது இப்படித்தான். முதல் மூன்று ஆண்டு உயர்வுகள் தலா 1,340 ரூபாய். இளைய தோழர்கள் பலர் அகவிலைப்படி இணைப்பையே முழு உயர்வாக எண்ணுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

1. பழைய அட்டவணையின் கடைசி மாதமான 2022 அக்டோபரின் சம்பளச் சீட்டையும் அண்மைச் சீட்டையும் கொண்டுவாருங்கள். பின்னர் சேர்ந்தவர்களுக்கு அண்மைச் சீட்டு போதும்.
2. அட்டவணையில் உங்கள் படிநிலையை வட்டமிட்டு வாருங்கள்.
3. வருகையை வெள்ளி மாலைக்குள் இக்குழுவிலேயே தெரிவியுங்கள்.