கோபுரம் தெரியும் அறையும் இரவுச் சாப்பாடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழின் பயணப் பக்கத்தில் வந்த பாரிஸ் கட்டுரையையும், அதற்கு மறுப்பாகப் போன ஞாயிறு ஒரு வாசகர் எழுதியதையும் படித்தேன். கட்டுரையாளர் ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள் என்கிறார். வாசகரோ தமிழனுக்கு, அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலை விட்டால் வேறு இடமில்லை என்கிறார். 2025 மே மாதம் நானும் மனைவியும் பதினொரு நாள் பாரிஸில் இருந்தோம். முதல் மூன்று இரவும் கட்டுரையாளர் சொன்ன இடத்தில் படுத்தோம், வாசகர் சொன்ன இடத்தில் சாப்பிட்டோம். இரண்டுக்கும் நடுவில் மெட்ரோப் படிகளில் ஏறி இறங்கினோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மனைவியின் தங்கை, எனக்கு மச்சாள், பாரிஸுக்கு வடக்கே லா கூர்நெவ்வில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறா. விசாவுக்குத் தங்குமிடம் காட்ட வேண்டும் என்றதும், "நான் மேரியில் கடிதம் எடுத்து அனுப்புறன்" என்றா. மேரி என்பது அங்குள்ள நகரசபை. உறவினர் வீட்டில் தங்கப் போகிறவருக்கு அந்த வீட்டுக்காரர், அப்போது 30 யூரோ, முத்திரை ஒட்டி நகரசபையில் கடிதம் எடுக்க வேண்டும். வீட்டில் ஆட்களுக்கு இடம் போதுமா என்று நகரசபை பார்க்கவும் கூடும். இரண்டு அறை வீட்டில் அவர்களே ஐந்து பேர். நாங்கள் ஏன் தொந்தரவு கொடுப்பான் என்று நினைத்து, ஹோட்டல் பதிவைக் காட்டி விசா எடுத்தோம். மச்சாளுக்கு வந்த கோபம் விமானத்துக்கு முன்பே பாரிஸிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது. "அத்தான், நாங்கள் இருக்கேக்க ஹோட்டலோ?"

சரி, எந்த ஹோட்டல்? எனக்குத் தெரிந்த பாரிஸ் கோபுரம்தான். "கோபுரம் தெரியும் அறை" என்று போட்டிருந்த ஒன்றை இரவுக்கு 210 யூரோவுக்கு எடுத்தேன். அப்போது ஒரு யூரோ 330, 340 ரூபாய். அதற்கு மேல் நகர வரியாக ஆளுக்கு, இரவுக்கு இத்தனை யூரோ என்று தனியாக எடுப்பார்கள். அது பதிவில் சின்ன எழுத்தில் இருந்தது.

பாரிஸ் 20 வட்டாரமாகப் பிரிந்தது. லூவ்ர் அரண்மனைப் பக்கம் ஒன்றாம் எண், அங்கிருந்து நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றி வெளியே போகும். 1860 வரை பன்னிரண்டுதான் இருந்தது, பிறகு சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்து இருபதாக்கினார்கள். நாங்களும் எண்ணில் வாழ்கிறவர்கள்தானே. கொழும்பு 6 என்றால் வெள்ளவத்தை, 13 என்றால் கொட்டாஞ்சேனை, 11 என்றால் புறக்கோட்டை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் பாரிஸ் விலாசத்தில் 75007 என்று இருந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கடைசி இரண்டு இலக்கமும் வட்டார எண். கொழும்பு 7, அதாவது கறுவாத்தோட்டம், எப்படியோ பாரிஸ் 7உம் அப்படியே. தூதரகங்கள், அமைச்சுகள், பிரதமரின் இல்லம், நாடாளுமன்றம், உயர்ந்த மதில்கள். கறுவாத்தோட்டத்தில் இரவு ஒன்பதரைக்கு நின்று கொத்துரொட்டி தேடினால் என்ன நடக்குமோ அதுதான் எங்களுக்கு அங்கே நடந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதத்தில் அங்கே சூரியன் ஒன்பதரைக்குத்தான் மறைகிறது. கோபுரத்தடியில் புல்லில் இருந்த எங்களுக்கு இரவானதே தெரியவில்லை. வெளிச்சம் பின்னேரம் ஐந்து மணி மாதிரி. பத்து மணிக்குக் கோபுரம் ஐந்து நிமிடம் மினுங்கியது, மனைவி கைதட்டினா, அப்புறம் பசித்தது. ரூ க்ளேர் என்று ஒரு கடைத்தெரு பக்கத்தில் இருக்கிறது. பகலில் பழம், பாலாடைக்கட்டி, பூ என்று நிரம்பி வழிந்த தெரு. நாங்கள் போனபோது இழுத்துப் பூட்டிய தகரக் கதவுகள். திறந்திருந்த ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையலறை மூடிவிட்டது என்று கையை விரித்தார்கள். அந்த ஊரில் சமையலறைக்கு நேரம் உண்டு. மத்தியானம் இரண்டரை தாண்டினால் ஏழு மணி வரை பல இடங்களில் அடுப்பு எரியாது, இரவிலும் பத்து, பத்தரையோடு சரி. அன்றைக்கு அறையில் இருந்து, கொழும்பிலிருந்து கொண்டுபோன பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டோம். கோபுரம் தெரிந்ததா என்று கேட்பீர்கள். ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரை போய், இடது பக்கம் திரும்பினால், புகைக்கூண்டு ஒன்றுக்குப் பின்னால் அதன் மேல்நுனி தெரிந்தது.

லிப்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸின் பழைய கட்டடங்கள் லிப்ட் வருவதற்கு முன் கட்டியவை. பிறகு சுழல்படிக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குள் ஒரு கூண்டைச் செருகியிருக்கிறார்கள். எங்கள் ஹோட்டலில் ஒரு ஆளும் ஒரு சூட்கேஸும்தான் ஏறலாம். அந்த ஆள் வயிற்றை உள்ளே இழுக்க வேண்டும். நான் மூன்று தரம் போய்வந்து சாமான் ஏற்றினேன். அதுவும் ஐந்தாம் மாடி வரைதான், எங்கள் அறை ஆறாம் மாடி. கடைசி மாடிக்குப் படி. அந்த மேல்மாடி அறைகள் ஒரு காலத்தில் வேலைக்காரர் படுத்தவை, இப்போது அதைக் கோபுரக் காட்சி என்று விற்கிறார்கள். மனைவிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை.

அடுத்த நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்கு லாச்சப்பல். ஹோட்டல் பக்கத்து எகோல் மிலிட்டேர் நிலையத்தில் எட்டாம் இலக்க மெட்ரோ பிடித்து ஸ்த்ராஸ்பூர் சென்-தெனியில் இறங்கி, நான்காம் இலக்கத்துக்கு மாறி, கார் து நோரில் இறங்கி நடை. அப்போது ஒரு தரத்துக்கு ஆளுக்கு 2.50 யூரோ, இருவரும் போய்வரப் பத்து யூரோ. இடியப்பத்தை விட மெட்ரோ கூட முடிந்தது.

லாச்சப்பலில் போய் இறங்கியதும் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டும். போபூர் சென்-தெனித் தெருவில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், சேலைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தெருவில் குவித்த மரக்கறிக் கடை. ரோல்ஸும் மிதிவெடி என்கிற தின்பண்டமும் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடாக இருக்கின்றன. கடைக்காரத் தம்பி கேட்டார், "அண்ணை, ஊரிலை எந்த இடம்?" கொழும்பு என்றேன். "கொழும்பிலை?" வெள்ளவத்தை என்றேன். "அது சரி, யாழ்ப்பாணத்திலை எந்த இடம்?" நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் என்று சொன்னதை அவர் கடைசி வரை நம்பவில்லை. ஆனாலும் சொதியை இரண்டாம் தரம் கேட்காமலே ஊற்றினார். ரூ பஜோலில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. கோடை முடிகிற நேரத்தில் அந்தப் பிள்ளையாரின் தேர் தெருவுக்கு வந்து, தார் ரோட்டில் நூற்றுக்கணக்கான தேங்காய் உடைபடும். நாங்கள் போன மாதம் தேர் இல்லை, பூசை கிடைத்தது.

அப்படியென்றால் வாசகர் சொன்னதுதானே சரி? சாப்பிட சரி. படுக்க நான் சொல்ல மாட்டேன். கார் து நோர் ஐரோப்பாவிலேயே ஆட்கள் மிகக் கூடுதலாக வந்துபோகும் ரயில் நிலையம். அந்தக் கூட்டத்தில் பைக்குள் கை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். லாச்சப்பல் மெட்ரோ பாலத்தின் மேல் ஓடுகிறது. பாலத்தின் கீழ் இரவில் சிகரெட் விற்கிறவர்களும் சும்மா நிற்கிறவர்களும் குவிந்திருப்பார்கள். யாரும் எங்களை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் மனைவி என் கையை விடவும் இல்லை. மலிவு அறைகளும் அங்கே உண்டு, சத்தத்தோடு வரும். புறக்கோட்டைக்குச் சாமான் வாங்கப் போகிறவர் எல்லாரும் புறக்கோட்டையில் படுக்கிறார்களா?

நான்காம் நாள், தண்டப்பணம் போனாலும் பரவாயில்லை என்று, பன்னிரண்டாம் வட்டாரத்தில் கார் து லியோன் ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அறைக்கு மாறினோம். இரவுக்கு 135 யூரோ. கோபுரம் எங்கிருந்தும் தெரியாது. ரயில் நிலையத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும், அதுவும் அழகுதான். அங்கிருந்து முதலாம் இலக்க மெட்ரோவில் ஏறினால் பஸ்தீல், லூவ்ர், கொன்கோர்த், சாம்ஸ் எலிசே எல்லாம் ஒரே கோட்டில், மாறவே வேண்டாம். பதினான்காம் இலக்கமும் அங்கே நிற்கிறது. 1998இல் தொடங்கி 2024 ஜூனில் ஓர்லி விமான நிலையம் வரை நீட்டிய பாதை. அதன் எல்லா நிலையத்திலும் லிப்ட் உண்டு. மற்றப் பழைய பாதைகள் பெரும்பாலும் படிதான். முழங்கால் வலிக்காரரும் தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவரும் பாரிஸில் அறை தேட முன் இந்தப் பதினான்கைத் தேடட்டும். மொன்மார்த் குன்று அழகு என்று அங்கே அறை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு தகவல்: அபேஸ் நிலையம் நிலத்துக்குக் கீழே 36 மீற்றர், அங்கே லிப்ட் இருக்கிறது, ஆனால் வெளியே வந்த பிறகு தெருவே படியாகத்தான் ஏறும்.

எங்கள் தெருவில் இரவு பதினொன்றுக்கும் ஒரு அல்ஜீரியக்காரரின் பலசரக்குக் கடை திறந்திருந்தது. காலையில் அலிக்ர் சந்தை, திங்கள் மட்டும் விடுமுறை. ஒரு மணியாகும்போது கடை கட்டுகிற அவசரத்தில் பழக்காரர்கள் தொண்டை கிழியக் கத்தி விலையை இறக்குகிறார்கள். என்ன கத்துகிறார்கள் என்று விளங்காவிட்டாலும், பெட்டியைச் சாய்த்து மூன்று விரலைக் காட்டினால் விளங்காத ஆள் உண்டா? மனைவி இரண்டு கிலோ செர்ரிப் பழத்தைப் பேரம் பேசி வாங்கினா, தமிழில். பின்னேரங்களில் பழைய ரயில் பாலத்தின் மேல் போட்டிருக்கும் பூங்காவில் நடந்தோம். தெருவுக்கு மேலே, வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல்களுக்கு நேரே மரங்களுக்கு நடுவில் நடக்கலாம். லிப்டில் ஏறியும் போகலாம்.

கட்டுரையாளர் எழுதாமல் விட்ட காசுக் கணக்கும் கொஞ்சம் உண்டு. சாள்ஸ் து கோல் விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு நிலையான கட்டணம், நாங்கள் போன 2025இல்: செய்ன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. ஈபிள் கோபுரம் இடது கரை, கார் து லியோன் வலது கரை. ரயிலில் வந்தால் அப்போது ஆளுக்கு 13. வாராந்த அட்டை ஒன்று இருக்கிறது, நல்ல லாபம், விமான நிலைய ரயிலுக்கும் செல்லும். ஆனால் அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடியும். வெள்ளிக்கிழமை போய் இறங்கிய எங்களுக்கு அது ஆகவில்லை. 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவும் புறநகர் ரயிலும் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், அந்த வருடம் 2.50 யூரோ, விமான நிலையம் மட்டும் தனி. அதனால் நகரத்துக்கு வெளியே தங்கினால் போக்குவரத்துக்குக் கூடச் செலவாகும் என்ற பழைய கதை இப்போது செல்லாது.

இது விளங்கியது கடைசி மூன்று இரவும் மச்சாள் வீட்டில் இருந்தபோது. கூடத்தில் மெத்தை போட்டுத் தந்தா. பிள்ளைகள் எங்களைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போனார்கள். லா கூர்நெவ்விலிருந்து நொத்ர் தாம் தேவாலயத்துக்கு ஒரே ரயிலில் போய், எரிந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த உள்மண்டபத்தைப் பார்த்துவிட்டு, இரவு பத்தரைக்கு வீடு வந்தோம். நிலையத்திலிருந்து வீட்டுக்கு எட்டு நிமிட நடை. சகலன் குடையோடு வந்து நின்றார். மேசையில் புட்டும் மீன்குழம்பும் மூடி வைத்திருந்தது.

ஆகவே கட்டுரையாளரிடம் ஒன்று கேட்கிறேன். ஐயா, எந்த ஊரைப் பற்றி எழுதினாலும் பகலில் அங்கிருந்து என்ன தெரியும் என்பதோடு, இரவு பத்தரைக்கு, களைத்த காலோடும் பசித்த வயிற்றோடும் அந்தத் தெருவுக்குத் திரும்பி வருகிறவருக்கு எத்தனை படி, எது திறந்திருக்கும் என்பதையும் நான்கு வரி எழுதுங்கள். எங்கள் ஊருக்கும் இது பொருந்தும். கொழும்புக் கோட்டையில் துறைமுகம் பார்த்த அறை எடுக்கும் வெளிநாட்டுக்காரர் இரவு ஒன்பதுக்கு வெளியே வந்தால் வங்கிக் கட்டடங்களைத்தான் பார்ப்பார். இப்போது சாப்பாட்டுக்கடைகளாக இருக்கும் பழைய டச்சு ஆஸ்பத்திரி வளவில் வெளிச்சம் இருக்கும், இடியப்பம் இருக்காது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்து வெள்ளவத்தைக்குத்தான் வர வேண்டும்.

மச்சாள் வருகிற டிசம்பரில் குடும்பத்தோடு கொழும்புக்கு வருகிறாவாம். நேற்று தொலைபேசியில் சொன்னா, கோட்டையில் ஒரு ஹோட்டலில் இருபதாம் மாடியில் அறை பார்த்திருக்கிறாவாம். "கடல் முழுக்கத் தெரியும் அத்தான்." நாங்கள் இருக்கேக்க ஹோட்டலோ என்று கேட்க வாய் வந்தது. மனைவி பக்கத்தில் நின்று என் கையைக் கிள்ளினா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06