ஆர்தூஸ் முகாம் கோட்டைக் கரையில் தடுப்பு அமைக்கக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்: காட்டையும் தொல்சின்னங்களையும் கவனிக்கும் அதிகாரி அவர்கள்

பொருள்: பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலுள்ள உயெல்குவாத் காட்டில் பழைய கோட்டைக் கரை மீது சைக்கிள் ஓட்டுவதைத் தடுக்க வேண்டுதல்

ஐயா,

வணக்கம். மார்ச்சில் ஒன்று, ஜூனில் ஒன்று என இரண்டு மனுக்களைப் பிரெஞ்சில் கொடுத்தேன். பதில் இல்லை. சரி, இம்முறை தாய்மொழியில் எழுதி, பிரெஞ்சு மொழிபெயர்ப்பை இணைத்திருக்கிறேன்.

1. காட்டுப் பாதையில், தள்ளினால் அசையும் அந்த 'ஆடும் பாறை' வரைக்கும் குறை ஒன்றுமில்லை. தங்களுக்கே தெரியும்.

2. அதைத் தாண்டி ஆர்தூஸ் முகாம். ஆர்தர் அரசன் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அது கிறிஸ்துவுக்கு முந்தைய ஒசிஸ்மி என்ற கெல்டிய இனத்தாரின் கோட்டை, சுமார் 30 ஹெக்டேர். மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் கிடத்தி, இடையில் கல்லும் மண்ணும் இட்டு எழுப்பிய சுவர்; அதுதான் இன்று மண்கரையாய் நிற்கிறது. ரோமானியத் தளபதி சீசரே எழுதிவைத்த வகை. 1938இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் இங்கே அகழாய்வு செய்தார். அதே வீலர் 1945இல் எங்கள் புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டிலும் தோண்டினார். அங்கே பிறந்த நான் அவர் தோண்டிய இன்னொரு மேட்டுக்காக இங்கே மனு எழுதுகிறேன்.

3. கரையின் உச்சியிலிருந்து அடிவரை இப்போது இரண்டு சைக்கிள் தடங்கள். ஒன்றில் கையை விட்டால் முழங்கை வரை போகிறது. மழை வந்தால் அது வாய்க்கால். இந்த ஊரில் மழை வராத வாரம் ஏது? கரைந்த மண் கீழே பாதையில் சேறாய் நிற்கிறது. போன மாதம் பெயர்ந்த கருங்கல் ஒன்று நடுப்பாதையில் கிடந்தது. அது எந்த இடத்துக் கல் என்று இனி யார் சொல்வது? வீலர் தோண்டினார் என்றால் எழுதியாவது வைத்தார்!

ஓட்டிய பையன்களை நிறுத்திக் கேட்டேன். "வெறும் மண்மேடுதானே, மதாம்?" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அறிவிப்புப் பலகையில் பாசி. ஈரத்துணியால் நானே துடைத்தேன். பாசியோடு எழுத்தும் வந்துவிட்டது.

4. 1987 புயலில் சாய்ந்த காடு திரும்ப வளர்ந்தது. கரை வளருமா ஐயா?

5. கேட்பது ஒரு மரத்தடுப்பு, ஒரு பலகை. பலகையில் இந்தப் பகுதியின் பிரெத்தோன் மொழியும் இருக்கட்டும். உயெல்குவாத், அதாவது 'உயர்ந்த காடு' என்ற ஊர்ப்பெயரே அந்த மொழிதான். பலகைக்கு நாளாகும் என்றால் தடுப்பையாவது போடுங்கள்.

6. தடுப்பு. குளிர்கால மழைக்கு முன்னால், தயவுசெய்து.

இப்படிக்கு,
காட்டோரத் தெருவாசி