அப்பால் என்றால் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை - தேனி சாலையில் உசிலம்பட்டிக்கு அப்பால் பணி நடப்பதால் பேருந்துகள் தாமதமாகின்றன என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. உசிலம்பட்டியிலேயே ஒரு துக்க வீட்டுக்குச் செல்லவேண்டியிருந்த நான், பணி நடப்பது ஊரைத் தாண்டித் தேனி வழியிலுள்ள கணவாய்ப் பக்கம்தானே என்று எண்ணி, மதுரை ஆரப்பாளையத்தில் நிதானமாகவே பேருந்து ஏறினேன். உசிலம்பட்டிக்கு முன்பே வரும் செக்கானூரணியைக் கடந்து சிறிது தொலைவிலேயே வண்டி நின்றுவிட்டது. செய்தியை நடத்துநரிடம் சொன்னேன். "அங்கிட்டுன்னா எங்கிட்டு ஐயா, மதுரையிலருந்தா, தேனியிலருந்தா?" என்று கேட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். வீடு திரும்பிச் செய்தியை மறுபடி பார்த்தபோதுதான், அது தேனியிலிருந்து எழுதப்பட்டது என்பது கண்ணில் பட்டது. அங்கிருந்து பார்த்தால் செய்தியாளர் எழுதியது சரியே.

'அ' என்னும் சேய்மைச் சுட்டோடு, பக்கம் என்று பொருள்படும் 'பால்' சேர்ந்தது 'அப்பால்'. தொலைவைச் சொல்ல இத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குப் போதும். அப்பாலுக்கோ ஓர் எல்லையும் வேண்டும், அந்த எல்லையைப் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும். 'மதுரையின் வடக்கு சிதம்பரம்' என்று இலக்கண வகுப்பில் ஐந்தாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டுச் சொல்வோம். அதைத் திருச்சியில் இருப்பவர் படித்தாலும் நாகர்கோவிலில் இருப்பவர் படித்தாலும் வடக்கு வடக்குதான். அப்பால் அப்படிப்பட்டதன்று. ஒப்புமைக்கெனத் தமிழில் சொல் வடிவம் மாறுவதில்லை, 'விட', 'காட்டிலும்' ஆகியவற்றைச் சேர்த்தே சொல்கிறோம் என்பதால், 'மேலூரை விடக் கொட்டாம்பட்டி தூரம்' என்னும்போதும் 'மதுரையிலிருந்து' என்பது சொல்லாமலே உள்ளே நிற்கிறது. பேச்சில் இது இடராவதில்லை, பேசுகிறவர் எதிரே நிற்கிறார். அச்சில் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆங்கிலத்தில் 'ஃபார்தர்' என்பதைத் தூரத்துக்கும் 'ஃபர்தர்' என்பதை 'மேற்கொண்டு' என்ற பொருளுக்கும் பிரித்து ஆள வேண்டும் என்பார்கள். அவர்களிலேயே பலர் அதைப் பின்பற்றுவதில்லை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. தூரத்துக்கு அப்பால், விசாரணைக்கும் படிப்புக்கும் மேற்கொண்டு. (சென்னைப் பேச்சில் 'அப்பால வரேன்' என்றால் 'பிறகு வருகிறேன்' என்றாகி, இடம் காலமாக மாறியிருப்பது வேறு கதை.)

'மதுரை அருகே' என்று போட்டு, உள்ளே படித்தால் உசிலம்பட்டிச் செய்தியாக இருப்பதைப் பற்றியும் எழுதலாம். இப்போதைக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சாலை, பேருந்து, குடிநீர் பற்றிய செய்திகளில் 'அப்பால்' என்பதைத் தவிர்த்து, 'உசிலம்பட்டிக்கும் செக்கானூரணிக்கும் இடையே' என்பதுபோல் இரண்டு ஊர்களையும் குறிப்பிடுமாறு தங்கள் செய்தியாளர்களுக்கு அறிவுறுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மதுரை.