பயணக் காப்பீட்டில் அப்பா, அம்மா இருக்கிறார்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விடுமுறையில் வெளிநாடு போவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் விவரமாக இருந்தது. காப்பீட்டை மட்டும், குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்தால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்கள் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் பலர் அந்த ஒரு வரியை நம்பித்தான் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறார்கள்.

இங்கே வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். மகளின் பிரசவத்துக்கும் பேரனைப் பார்ப்பதற்கும் அறுபதைத் தாண்டிய பெற்றோர் விசிட் விசாவில் போகிறார்கள். டிக்கெட் போடும் டிராவல்ஸிலேயே இன்சூரன்சும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அப்படித்தான் துபாய் போனார். பல வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே டிராவல்ஸில் இருந்தவர், நோய் எதுவும் இல்லை என்று விண்ணப்பத்தில் குறித்துவிட்டார். அங்கே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, முன்பே இருந்த நோயை மறைத்ததாகச் சொல்லி கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. மகன் கடன் வாங்கிக் கட்டினார். கேட்கவேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காததால் வந்த கடன் அது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

குடும்பம் முழுவதுக்கும் சேர்த்து ஒரே தொகையாக, ஃபேமிலி ஃப்ளோட்டர் என்று விற்கப்படும் பயணப் பாலிசிகளில் பெரும்பாலும் கணவன், மனைவி, குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டுமே அடக்கம். கூடவே போகும் அப்பா அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டியிருக்கும். அதிலும் அறுபதுக்கு மேல் என்றால் அறை வாடகைக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று பல கம்பெனிகள் உள்வரம்பு வைத்திருக்கின்றன. பாலிசியின் முதல் பக்கத்தில் இருக்கும் பெரிய தொகையைப் பார்த்து இதை யாரும் கவனிப்பதில்லை.

அந்தப் பெரிய தொகையும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கிடைப்பதல்ல. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 50,000 டாலர் ஃப்ளோட்டர் என்றால் நால்வருக்கும் சேர்த்து 50,000 டாலர்தான். ஊரில் எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில் இது பெரிதாகத் தெரியாது, ஒரே வருடத்தில் எல்லோரும் சேர்ந்து படுத்துவிடுவது அபூர்வம். பயணத்தில் அப்படியில்லை. எல்லோரும் ஒரே காரில் போகிறார்கள். ஒரு விபத்து நடந்தால் நாலு பேருக்கும் ஒரே நாளில் சிகிச்சை வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் ஆளுக்குத் தனித்தொகை உள்ள பாலிசிதான் நல்லது.

மகன் வேலைக்குப் போகும்போது எடுத்த பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது இசிஆர் பாஸ்போர்ட்டில், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகும் தொழிலாளிக்கானது. அவர் விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் வரும். அவரைப் பார்க்கப் போகும் பெற்றோரின் அங்குள்ள ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதில் வழியில்லை.

ரயிலுக்கும் இதே கதைதான். ஐஆர்சிடிசியில் 45 பைசாவுக்குக் கிடைக்கும் காப்பீடு, ஆன்லைனில் எடுத்த இ-டிக்கெட்டுக்கு மட்டும்தான். குழித்துறை ஸ்டேஷன் கவுண்டரில் எடுத்த டிக்கெட்டுக்குக் கிடையாது. தனிப் படுக்கை எடுக்காத, 5 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கும் கிடையாது.

கம்பெனி மறுத்துவிட்டால் அத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் கேரளாவுக்குக் கொச்சியிலும் அலுவலகம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் இடத்தை வைத்தும் புகார் கொடுக்கலாம், கம்பெனியின் கிளை இருக்கும் இடத்தை வைத்தும் கொடுக்கலாம். ஆகவே திருவனந்தபுரம் கிளையில் பாலிசி எடுத்த எல்லைப்பக்கத்துக்காரர், சென்னை வரை அலையாமல் கொச்சிக்கே போகலாம். இந்த விவரம் எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது.

மருத்துவக் காப்பீட்டில் எது உண்டு, எது இல்லை என்று சுருக்கமாகச் சொல்லும் தகவல் தாளைத் தர வேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி, 2024 ஜனவரி முதல் இருக்கிறது. டிராவல்ஸில் பயணக் காப்பீடு எடுப்பவர்களும் அதேபோன்ற தாளைத் தமிழில் கேட்க வேண்டும். மாத்திரை சாப்பிடும் விவரத்தை விண்ணப்பத்தில் தாங்களே எழுத வேண்டும். அடுத்த விடுமுறைக்கு முன்பாக, ஒரு பாலிசியை வரிவரியாக விளக்கி அதே ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் வெளியிடுங்கள். அதை வெட்டி எங்கள் ஊர் நூலகத்தில் ஒட்டிவைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை