ஆண்டறிக்கை: ஆயன்குளம் கிணறும் அண்ணாச்சியின் தேங்காயும்

எதையும் சோதித்துப் பார்க்கும் நம் மன்றத்தின் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவையும், நூலகப் புத்தகத்தை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்கள் பட்டியலையும் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்த ஆண்டு கூட்டங்களில் அதிகம் அடிபட்டது திசையன்விளைப் பக்கத்து ஆயன்குளம் கிணறுதான். 2021 கடைசியில் பெய்த மழையில் வெள்ளம் அதற்குள் வாரக்கணக்கில் விழுந்தும் கிணறு நிரம்பவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். பாதாளத்துக்கு வழி இருக்கிறது என்றார் ஒருவர். வெள்ளம் விழுவதைக் காட்டும் வீடியோவே பொய் என்று ஒரே அடியாக அடித்தார் நம்மில் இன்னொருவர், அவரும் போய்ப் பார்க்கவில்லை. சென்னை ஐ.ஐ.டி. குழு வந்து ஆராய்ந்ததில் அடியில் சுண்ணாம்புப் பாறை இருப்பது தெரிந்தது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்கும், அது சுண்ணாம்பை நெடுங்காலம் அரித்து அரித்துப் பொந்தும் வழியும் உண்டாக்கிவிடும், வெள்ளம் அந்த வழியாகப் போய்விடுகிறது. ஆக, கிணற்றைப் பார்த்தவர்கள் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதாளத்தை யாரும் பார்க்கவில்லை.

அப்புறம் தேங்காய். உள்ளங்கையில் தேங்காயை வைத்து, அது எழுந்து நிற்கும் இடத்தில் நிலத்தடியில் தண்ணீர் உண்டு என்று நீரோட்டம் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், நல்ல மனுஷன், சோதனைக்குக் கூப்பிட்டதும் தயங்காமல் வந்தார். வரிசையாக கேன் வைத்தோம், சிலதில் தண்ணீர், சிலதில் மணல். மூடி திறந்திருந்தபோது தண்ணீர் இருந்த இடத்திலெல்லாம் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றது. மூடியை மூடி, எதில் எது என்று தெரிந்தவர்களையும் வெளியே அனுப்பியபின், குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாகுமோ அவ்வளவுதான் சரியானது. அவர் ஏமாற்றினார் என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். மனசு எதிர்பார்த்தால் நமக்கே தெரியாமல் கை அசையும், ஆவி மேசையை நகர்த்துவதாகச் சொன்னவர்களை வைத்து விஞ்ஞானி ஃபாரடே 1853லேயே இதைக் காட்டிவிட்டார்.

“ஓடுற தண்ணிக்குத்தான் தேங்காய் நிக்கும், கேன் தண்ணிக்கு எப்படி நிக்கும்?” என்று அண்ணாச்சி கேட்டார். திறந்த கேனுக்கு மட்டும் ஏன் நின்றது என்பது ஒருபக்கம் இருக்கட்டும், கேள்வி நியாயமானது. ஜெர்மனியில் காசெல் நகரில் 1990இல் மண்ணில் புதைத்த பிளாஸ்டிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டும் நிறுத்தியும் சுமார் 30 பேரைச் சோதித்தார்கள், அங்கேயும் குத்துமதிப்பைத் தாண்டவில்லை. “அப்போ அவர் சொன்ன இடத்துல என் போர்ல தண்ணி வந்துச்சே” என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பக்கத்து வயலில், யாரையும் கேட்காமல் போட்ட போரில் வரவில்லையா? வராத போர் யாருடையது என்று யாராவது கணக்கு வைத்திருக்கிறோமா?

சுடலைமாடன் கொடையில் சாமியாடுவதையும் சோதிக்க வேண்டும் என்று இளைஞர்கள் கொண்டுவந்த தீர்மானம், காரசாரமாகப் பேசியபின் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்ததில் எனக்கு உடன்பாடுதான். சாமி வந்தது என்பது ஒருவரின் அனுபவம், அதை எந்தக் கேனில் அடைத்துப் பார்க்க? காணாமல்போன நகை இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறி சொன்னால் அது வேறு, அங்கே போய்ப் பார்த்துவிடலாம். எதிர்த்தவர்கள், ஆதரித்தவர்கள் எல்லாரும் கொடைக்குப் போனார்கள், கிடாக்கறிப் பந்தியிலும் உட்கார்ந்தார்கள்.

வரும் ஆண்டில் குழாய் புதைத்துச் சோதனை செய்ய அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார். எத்தனை தடவைக்கு எத்தனை சரியானால் ஒப்புக்கொள்வது என்பதை இந்த முறை முன்கூட்டியே எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஒரு துண்டு வயலும், மோட்டாரும், நீளமான குழாயும் தேவை. தரக்கூடியவர்கள் டீ குடிக்கும்போது என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்