சி-யிலிருந்து டி-க்கு: பில் பெர்ரிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பில் பெர்ரி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் டிரம்ஸ் வாசித்த அமெரிக்க ராக் குழுவான ஆர்.இ.எம்.-இன் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒருவராவது சொல்லிவிடுவார்: "பில் போனதோடு ஆர்.இ.எம். கதை முடிந்தது." உங்கள் மேல் இருக்கும் பிரியத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு நீங்கள் குழுவை விட்டு விலகிய பிறகு 14 வருடம் அதை இழுத்துப் பிடித்த மூன்று பேரின் (பாடகர் மைக்கேல் ஸ்டைப், கிட்டார் பீட்டர் பக், பேஸ் கிட்டார் மைக் மில்ஸ்) உழைப்பை ஒரே வரியில் துடைத்துப் போடுகிறது. நல்ல உடம்போடு வாழ வேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவையும் குற்றமாக்குகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதில், 1981 முதல் 2011 வரையிலான உங்கள் குழுவின் இசைத்தட்டுகளிலேயே இருக்கிறது. அந்தத் தட்டுகளும் அமெரிக்க, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியல்களில் அவை பிடித்த இடங்களும் எனக்கு மனப்பாடம். அவ்வளவு ஆசையாகக் கேட்டு வளர்ந்தவன் நான்.

முதலில் எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஊர். 1980 ஏப்ரலில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த பார்ட்டியில் முதல் கச்சேரி. மறு வருடம் ஹிப்-டோன் என்ற சின்ன கம்பெனி போட்ட ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ சிங்கிள், அதாவது தனிப்பாட்டுத் தட்டு. அப்புறம் ஐ.ஆர்.எஸ். என்ற இசைத்தட்டு நிறுவனம். அந்தக் கதவு திறந்ததில் உங்கள் பங்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேக்கனில், பாரகன் என்ற கச்சேரி ஏற்பாட்டு நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்தபோது நீங்கள் பழகிய இயன் கோப்லாண்டின் அண்ணன் மைல்ஸ்தான் ஐ.ஆர்.எஸ். முதலாளி. டிரம்ஸ் வாசிப்பவர் ஒருவர் குழுவுக்கு என்னென்ன செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

1983-இல் ‘மர்மர்’ வந்தது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் 36-ஆம் இடம். அதே வருடம் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ உலகத்தையே ஆண்டுகொண்டிருந்தது. ஆனாலும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக ‘மர்மர்’-ஐத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த ஆல்பத்தின் ‘பெர்ஃபெக்ட் சர்க்கிள்’ பெரும்பாலும் உங்கள் மெட்டு. கிட்டார் குழு என்று பெயரெடுத்தவர்களின் முதல் ஆல்பத்தில் பியானோவின் மேல் நிற்கும் ஒரு பாட்டு, அதுவும் டிரம்ஸ்காரர் போட்டது. அது சிங்கிளாக வரவில்லை. எந்தப் பட்டியலிலும் அதற்கு எண் கிடையாது.

பிறகு ‘ரெக்கனிங்’ 27, ‘ஃபேபிள்ஸ் ஆஃப் தி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ 28, ‘லைஃப்ஸ் ரிச் பேஜன்ட்’ 21, 1987-இல் ‘டாக்குமென்ட்’ 10. அவசரமே இல்லாத ஏற்றம். கல்லூரி வானொலி நிலையங்களில் போட்டுப் போட்டுக் காதுக்குப் பழகியது, ஊர் ஊராக வேனில் போய் வாசித்தது, இரண்டும் சேர்ந்து தந்த எண்கள் இவை. ‘தி ஒன் ஐ லவ்’ பாட்டு சிங்கிள் பட்டியலில் 9-ஆம் இடம் வந்தபோது நாடு முழுக்க உங்களைத் தெரிந்துகொண்டது. 1988-இல், இசை விற்பனைப் பட்டியல்களை வெளியிடும் பில்போர்டு பத்திரிகை ஆல்டர்நேட்டிவ் ராக் என்ற இந்த வகை இசைக்கென்றே தனிப் பட்டியல் தொடங்கியது. அதில் ‘ஆரஞ்ச் க்ரஷ்’ எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்று ஒரு கடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவர்கள் நீங்கள் என்றே நான் நினைக்கிறேன்.

1991 பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். மாண்டலின் முன்னால் நிற்கும், வழக்கமான பல்லவி இல்லாத ‘லூசிங் மை ரிலிஜன்’ அமெரிக்காவில் 4-ஆம் இடம் வந்தது. உங்கள் குழுவின் எந்தச் சிங்கிளும் அங்கே அதைத் தாண்டவில்லை. அதன் வீடியோவை எடுத்தவர் ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ‘அவுட் ஆஃப் டைம்’ இரண்டு நாட்டிலும் முதலிடம். அந்த ஆல்பத்துக்காக நீங்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. வீட்டில் இருந்தபடியே உலகின் மிகப் பெரிய குழுக்களில் ஒன்றாகிவிட்டீர்கள்.

நான் சொல்ல வந்தது அடுத்த ஆல்பத்தில் இருக்கிறது. ‘ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்’, 1992. அமெரிக்காவில் 2, பிரிட்டனில் 1. அதில் இரண்டு பாட்டுகள்.

ஒன்று ‘எவ்ரிபடி ஹர்ட்ஸ்’. அதன் விதை உங்களுடையது என்று குழுவில் மற்றவர்களே சொல்லியிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாட்டைத் தாங்கி நிற்கும் தாளம் உங்கள் கை போட்டதல்ல, ஒரு டிரம் மெஷின். உணர்ச்சியே இல்லாமல் டிக் டிக் என்று போகும் அந்த மெஷின் மேல், பாடுகிறவரின் குரல் உடைந்து உடைந்து வருகிறது. தன் பாட்டில் தன் வாத்தியம் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்க ஒரு டிரம்ஸ்காரருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! அமெரிக்காவில் 29, பிரிட்டனில் 7. 2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட பிரிட்டனில் பல பாடகர்கள் சேர்ந்து அதே பாட்டைப் பாடினார்கள். அது முதலிடம் வந்தது. உங்கள் குழு ஒரு தடவைகூடத் தொடாத இடத்தை, உங்கள் மெட்டு வேறு வாய்களின் வழியாகத் தொட்டுவிட்டது.

இன்னொன்று ‘மேன் ஆன் தி மூன்’. அது பிறந்த கதையை பீட்டர் பக் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு கிட்டாரோடு வந்தீர்களாம். கையில் இருந்தது ஒரே ஒரு நகர்வு: சி கார்டிலிருந்து டி கார்டுக்கு (கார்டு என்றால் சில சுரங்களைச் சேர்த்து மீட்டும் பிடி). இதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்றீர்களாம். கிட்டார் பழகும் எவரும் முதல் மாதத்திலேயே பிடித்துவிடும் இரண்டு கார்டுகள். அந்தச் சின்ன சறுக்கல்தான் பாட்டின் சரணம் முழுக்க வருகிறது. ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞரைப் பற்றிய பாட்டாக அது வளர்ந்தது. அமெரிக்காவில் 30, பிரிட்டனில் 18. பெரிய எண்கள் இல்லை. ஆனால் ஏழு வருடம் கழித்து காஃப்மன் வாழ்க்கையை இயக்குநர் மிலோஷ் ஃபோர்மன் படமாக எடுத்தபோது, படத்துக்கே அந்தப் பாட்டின் பெயர்தான். படத்துக்காக மீதி மூவரும் புதிதாக ஒரு பாட்டு எழுதினார்கள்: ‘தி கிரேட் பியாண்ட்’. 2000-இல் அது பிரிட்டனில் 3-ஆம் இடம் வந்தது. அந்த நாட்டில் ஆர்.இ.எம். சிங்கிள் ஒன்று தொட்ட உச்சம் அதுதான்.

யோசித்துப் பாருங்கள். அப்போது நீங்கள் குழுவில் இல்லை. வைக்கோல் விளைவித்துக்கொண்டு உங்கள் பண்ணையில் இருந்தீர்கள். ஆனால் சி-யிலிருந்து டி-க்குப் போன அந்த விரல்கள் இல்லையென்றால் அந்தப் பாட்டு இல்லை, படத்துக்கு அந்தப் பெயர் இல்லை, இந்த 3-ஆம் இடமும் இல்லை. நீங்கள் போனதோடு முடிந்தது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

வேறு எண்களும் இருக்கின்றன. 1995 மார்ச் முதல் தேதி, சுவிட்சர்லாந்தின் லொசான் நகர மேடையில் உங்கள் மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது. அந்த வருடமே மைக் மில்ஸுக்கும் மைக்கேல் ஸ்டைப்புக்கும் அறுவை சிகிச்சைகள். அத்தனைக்கும் நடுவில் சுற்றுப்பயணத்தை முடித்து, அதன் ஒலிச் சோதனைகளிலும் மேடைகளிலும் பதிவு செய்ததை வைத்து ‘நியூ அட்வென்ச்சர்ஸ் இன் ஹை-ஃபை’ தந்தீர்கள். என் மனதுக்கு மிக நெருக்கமான ஆல்பம் அது. ஆனால் 1996-இல் அதிலிருந்து வந்த சிங்கிள்கள் அமெரிக்காவில் 49, 46, 96. முதல் 40-க்குள் கடைசியாக வந்தது அதற்கு முந்தைய ஆல்பமான ‘மான்ஸ்டர்’-இன் ‘பேங் அண்ட் பிளேம்’தான். அதாவது அமெரிக்கச் சரிவு நீங்கள் குழுவில் இருக்கும்போதே தொடங்கிவிட்டது. வானொலி மாறியது, கேட்பவர்களின் வயது மாறியது. அதற்கும் டிரம்ஸ் இருக்கையில் யார் உட்கார்ந்தார் என்பதற்கும் சம்பந்தமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனிலோ, நீங்கள் போன பிறகும் ‘ரிவீல்’, ‘அரவுண்ட் தி சன்’, ‘ஆக்சிலரேட்’ என மூன்று ஸ்டுடியோ ஆல்பங்கள் முதலிடம் வந்தன. உங்களோடு நான்கு, நீங்கள் இல்லாமல் மூன்று. குழு கலையக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதானே நீங்கள் விலகினீர்கள்? அவர்கள் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். ‘அரவுண்ட் தி சன்’ மட்டும் எனக்குச் சோர்வாகத்தான் இருக்கிறது. முதலிடம் வந்தது என்பதற்காக அதை நல்ல ஆல்பம் என்று சொல்ல மாட்டேன்.

சரி, அப்படியானால் எதுவுமே குறையவில்லையா? குறைந்தது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. ‘ஃபால் ஆன் மீ’ பாட்டை எடுத்துக்கொள்கிறேன். 1986, அமெரிக்காவில் 94-ஆம் இடம். அதன் பல்லவியில் மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகள் பாடுகின்றன. ஸ்டைப் நடுவில், மில்ஸ் அவருக்கு மேலே, நீங்கள் கீழே. ஹெட்ஃபோனில் உங்கள் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால் அது தனியாக ஒரு பாட்டாகவே போகிறது. மற்ற இருவரையும் தாங்கிப் பிடிக்கிறது, தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. 1998-இல் வந்த ‘அப்’ முதல் கடைசி ஆல்பம் வரை நான் தேடுவது அந்த மூன்றாவது குரலைத்தான். உங்களுக்குப் பிறகு வந்த ஜோயி வாரன்கரும் பில் ரீஃப்லினும் அருமையாக டிரம்ஸ் வாசித்தார்கள். ஆனால் அந்தக் குரல் உங்களிடம் மட்டுமே இருந்தது. 94 என்ற எண்ணுக்குள் அது இருக்கிறது என்று பட்டியல் எவருக்கும் சொல்லாது.

2024 ஜூனில் பாடலாசிரியர்கள் புகழ் அரங்கில் உங்கள் நால்வரையும் சேர்த்தார்கள். அன்று நால்வரும் ஒன்றாக ‘லூசிங் மை ரிலிஜன்’ வாசித்தீர்கள். யார் எந்த வரியைப் போட்டாலும் எல்லாப் பாட்டிலும் நாலு பெயரையும் சேர்த்தே எழுதுவது என்று தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட வழக்கத்துக்குக் கிடைத்த மரியாதையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய வருடமே ‘தி பேட் எண்ட்ஸ்’ என்ற ஏதென்ஸ் குழுவோடு நீங்கள் மறுபடி ஒரு ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்ததும் தெரியும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்து ஒரு ஆல்பம் செய்வதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். டிரம்ஸ் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மைக்கும் வையுங்கள். கீழ்க்குரலை நீங்களே பாடுங்கள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் ரசிகன்