மணல்காட்டுக்கு ஓடி வந்தவர்களுக்கு

குடத்தனையில் இருந்தும் அம்பனில் இருந்தும் புலோலி, மந்திகைப் பக்கமிருந்தும் சுனாமி அடித்த 2004 மார்கழி (டிசம்பர்) 26, ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு ஓடி வந்த எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்தில் ஒரு செத்தவீடு நடந்தால் முப்பத்தொராம் நாளோடு பேப்பரில் நன்றி நவிலல் போடுவார்கள். உடனோடி வந்து உதவியவர்கள், மலர்வளையம் சாத்தியவர்கள், வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து ஆறுதல் சொன்னவர்கள் என்று ஒருவரையும் விடாமல் எழுதுவார்கள். அம்மம்மாவுக்கு நாங்கள் அப்படி எதுவும் போடவில்லை. கையில் காசில்லை, ஊர் முழுக்கச் செத்தவீடு, எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருசம் கழித்து இதை எழுத வைத்தது ஒரு படம்தான்.

‘தி இம்பொசிபிள்’ என்று 2012இல் வந்த படம். அதே நாளில் தாய்லாந்தின் காவோ லாக் கரையில் அலைக்குள் அகப்பட்ட ஒரு குடும்பத்தின் உண்மைக் கதை. உண்மையில் அவர்கள் ஸ்பெயின்காரர், படத்தில் ஆங்கிலேயராகக் காட்டியிருக்கிறார்கள். தம்பி அதைப் போனில் வைத்திருந்து, போன கிழமை வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். அம்மா பார்க்கமாட்டார் என்றுதான் நினைத்தேன், ஆனால் எழும்பாமல் கடைசிவரை இருந்தார். அலை வருகிற இடத்தில் அவர் அழவில்லை. காயப்பட்டு நடக்கமுடியாமல் கிடக்கும் அந்தத் தாயை ஒரு கிழவர் வந்து சேற்றுக்குள்ளால் இழுத்துக்கொண்டு போவாரே, பிறகு ஒரு குடிசையில் பெண்கள் சுற்றி நின்று உடுப்பு மாற்றிவிடுவார்களே, அந்த இடத்தில்தான் அம்மா உடைந்துபோனார். தம்பி படத்தை நிற்பாட்டப் போக, “விடு, பாப்பம்” என்றார்.

எனக்கும் அந்த இடம்தான். அந்தக் கிழவர் யார், அவருடைய வீடு இருந்ததா, பிள்ளைகள் தப்பினார்களா என்று படம் சொல்லவே இல்லை. அந்தக் குடும்பம் கடைசியில் விமானம் ஏறி சிங்கப்பூருக்குப் போகிறது, அவர் அங்கேயே நிற்கிறார். படத்தில் எனக்கு இருக்கும் ஒரே குறை இதுதான். மற்றபடி அவ்வளவு நல்ல படம். தன் வீட்டாரோடு பேச வைத்திருந்த போனை, பற்றரி முடியப்போகிற நேரத்தில், முன்பின் தெரியாத தகப்பனிடம் ஒருவர் கொடுப்பார். அவர் பேசமுடியாமல் அழுது வைத்துவிட, இப்படி விடக்கூடாது, திரும்ப எடுத்துப் பேசு என்று மறுபடியும் கொடுப்பார். அந்தக் காட்சியை நான் தனியாக இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நத்தாருக்கு அடுத்த நாள். அப்பா கடலுக்குப் போகவில்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி நிலம் குலுங்கி கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் போன பிறகுதான் தண்ணீர் எங்களிடம் வந்தது, ஆனால் அந்தக் காலத்தில் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறை என்று ஒன்று இருக்கவே இல்லை, அதனால் எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை முன்னால் ஓடியவர்கள் கத்திய சத்தம் மட்டும்தான். மணல் திட்டியில் ஏறியவர்கள் தப்பினார்கள். அம்மம்மாவால் ஏற முடியவில்லை.

அம்மாவின் தொடையைத் தகரம் கிழித்திருந்தது. சவுக்கு மரங்களுக்குள் கிடந்த அவரைச் சாரத்தில் தூளி மாதிரி கட்டித் தூக்கிய இரண்டு பேருக்கும் நன்றி. அதில் ஒருவர் சேட்டைக் கழற்றி காயத்தில் இறுக்கிக் கட்டினார், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தின் பெட்டியில் எங்களை ஏற்றி மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அண்ணைக்கு நன்றி. “தங்கச்சி, அம்மான்ர கையை விடாதை, கதைச்சுக்கொண்டே இரு” என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே ஓட்டினீர்கள். எங்களை இறக்கிவிட்டு உடனே திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள், இன்னும் ஆட்கள் கிடக்கிறார்கள் என்று.

வழியில் குடத்தனையில் ஒரு வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஓடி வந்த அக்கா, உங்களைத்தான் நான் அதிகம் நினைப்பேன். என் வாயெல்லாம் மண், கறுப்புத் தண்ணீர் குடித்து நெஞ்சு எரிந்தது. நீங்கள் சேலைத் தலைப்பை முறுக்கி என் காதுக்குள் இருந்த மண்ணை மெல்ல மெல்ல எடுத்தீர்கள். பிறகு உள்ளே போய் உங்கள் மகளின் சட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டீர்கள். மஞ்சள் சட்டை, கழுத்தில் சின்னப் பூ வேலை. உங்கள் மகள் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் நன்றி.

பாடசாலையில் எங்களை வைத்திருந்தபோது ஒரு மாஸ்டர் அப்பியாசக் கொப்பியோடு ஒவ்வொரு வகுப்பறையாக வந்து பெயர், ஊர், யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார். படத்தில் அந்தப் பெடியன் ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவானே, அதைப் பார்த்தபோது அந்த மாஸ்டரின் முகம்தான் வந்தது. அந்தக் கொப்பியை வைத்துத்தான் அப்பாவும் தம்பியும் எங்களைக் கண்டுபிடித்தார்கள். சாப்பாட்டுப் பார்சல் கட்டி அனுப்பிய வீடுகள், பால்மா கொண்டுவந்த கடைக்காரர், இரவெல்லாம் நித்திரை கொள்ளாத தாதிமார் எல்லோருக்கும் நன்றி.

அம்மம்மாவை எடுத்து அடக்கம் செய்த பெடியங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கையுறைகூட இல்லாமல் நின்றீர்கள். செபம் சொல்ல நேரமில்லாத நாளில், முகத்தைத் துடைத்து, துணியால் மூடி, அப்பா வரும்வரை பொறுத்திருந்து மண் போட்டீர்கள். அதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போர்நிறுத்தம் வந்து மூன்று வருசம்கூட ஆகவில்லை அப்போது. உங்களில் பாதிப் பேர் இடம்பெயர்ந்து திரும்பி வந்து, ஓலைக்கூரைக்குக் கீழே மறுபடியும் தொடங்கியவர்கள். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போன அந்த நாளில், வெளியிலிருந்து உதவி வந்து சேருமுன்னமே நீங்கள் வந்துவிட்டீர்கள். இருந்தவர் கொடுப்பதைப் பிறகு நிறையக் கண்டோம், அதற்கும் நன்றிதான், ஆனால் முதல் நாள் ஓடி வந்தவர்கள் இல்லாதவர்கள்.

அம்மா இப்போது என்னோடு பருத்தித்துறையில் இருக்கிறார். கால் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார், மற்றபடி சுகம். தம்பி கடலுக்குப் போகிறான். இதை வாசிக்கிற யாருக்காவது அந்த லாண்ட்மாஸ்டர் அண்ணையைத் தெரிந்திருந்தால், குடத்தனை அக்கா உங்கள் அம்மாவோ சித்தியோ என்று பட்டால், அந்தக் கொப்பி மாஸ்டரிடம் நீங்கள் படித்திருந்தால், தயவுசெய்து அவர்களிடம் இதைக் காட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். தம்பி நண்டும் மீனும் கொண்டு வருவான், அம்மா ஒடியல் கூழ் காய்ச்சுவார். சட்டை தந்த பிள்ளையையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள்.